கணக்கைக் கண்ணால் பார்ப்போம்

நம் இதழைப் படிக்கும் வணிகப் பெருமக்களில் கணக்கு எழுதாதவர் எவருமில்லை. நாள்வழி, பேரேடு, பற்று வரவு நோட்டு, ஐந்தொகை என்று ஆண்டு முழுவதும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எழுதுவது இன்னும் கூடிற்று; நோட்டில் இருந்தது கம்ப்யூட்டருக்குப் போயிற்று. எழுதுவதில் நமக்குக் குறையொன்றுமில்லை. எழுதியதைப் படிக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஆடிட்டர் படிக்கிறார். அதிகாரி படிக்கிறார். கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளர் படிக்கிறார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமோ கடைசி வரியிலுள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. எண்களின் இயல்பே அப்படி. ஒரு பக்கத்தில் முப்பது தொகை இருந்தால் கண் ஒவ்வொன்றாகத்தான் படிக்க முடியும். பத்தாவது தொகையைப் படிக்கும்போது இரண்டாவது மறந்துவிடும். ஏறுகிறதா, இறங்குகிறதா, எங்கே திரும்பிற்று என்பதை மனத்திலேயே வைத்துக் கோத்துப் பார்க்க எல்லோராலும் ஆகாது. அதே முப்பது தொகையையும் ஒரு கட்டம் போட்ட தாளில் முப்பது புள்ளிகளாக வைத்துக் கோடு இழுத்தால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட "இங்கே இறங்குது" என்று விரலை வைத்துக் காட்டிவிடும்.

இன்று செல்போனைத் திறந்தால் எங்கும் கோடும் கட்டமும் வட்டமுமாகப் படங்கள். இது ஏதோ கம்ப்யூட்டர்காரர்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் இது வியாபாரக் கணக்குக்காகவே பிறந்த வித்தை. வயது இருநூறைத் தாண்டிவிட்டது.

வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1759இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். அண்ணன் ஜான் பிளேஃபேர் பெரிய கணித மேதை. அவர்தான் தம்பியை உட்கார்த்தி, தினமும் வெப்பமானியைப் பார்த்து அளவைக் குறித்துக் கோடாக வரையச் சொல்லிப் பழக்கினார். எண்ணால் சொல்லக்கூடிய எதையும் கோட்டால் காட்டலாம் என்ற பாடம் அங்கே தொடங்கியது. பிறகு நீராவி எந்திரத்தால் பெயர் பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தார். 1786இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வணிகத்துக்கும் அரசியலுக்கும் உரிய அட்லஸ் என்பது அதன் தலைப்பின் பொருள். அட்லஸ் என்ற பெயர் இருந்தாலும் அதில் தேசப்படம் கிடையாது. 44 படங்கள்; இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி, அரசின் கடன், செலவு எல்லாம் கோடுகளாக.

அவர் தம் முறையை விளக்கச் சொல்லும் உதாரணம் நமக்கென்றே சொன்னது போலிருக்கிறது. ஒரு வியாபாரிக்கு வரும் பணமெல்லாம் கினி என்ற பொற்காசாகவே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் மாலையில் அன்று வந்த காசையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே அடுக்காக அடுக்கி வைக்கிறார். நாளைக்கு அதன் பக்கத்தில் இன்னோர் அடுக்கு. இப்படியே வரிசையாக வைத்துக்கொண்டு போனால், நின்ற இடத்திலிருந்தே எந்த நாள் வரவு உயர்ந்தது, எந்த நாள் தாழ்ந்தது என்று அடுக்கின் உயரமே சொல்லிவிடும். அந்த அடுக்குகளைத் தாளில் சிறிதாக்கி வரைவதுதான் என் வேலை என்கிறார் பிளேஃபேர். கடை சாத்தும் நேரத்தில் பத்து ரூபாய்க் காசுகளையும் ஐந்து ரூபாய்க் காசுகளையும் ஒரே உயரத்துக்கு அடுக்கி, உயரத்தைப் பார்த்தே எண்ணாமல் தொகை சொல்லும் நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அந்தப் புத்தகத்தில் பெயர் பெற்ற படம் ஒன்று. டென்மார்க், நார்வே நாடுகளோடு இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை செய்த வியாபாரம். அடியில் ஆண்டுகள், பக்கவாட்டில் பத்தாயிரம் பவுன் கணக்கில் தொகை. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இறக்குமதிக் கோடுதான் மேலே ஓடுகிறது. 1750களின் நடுவில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்கின்றன. அதற்குப் பின் ஏற்றுமதிக் கோடு மேலே ஏறிவிடுகிறது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள இடத்துக்கு வண்ணம் தீட்டி, முன்பகுதியில் இது பாதகமான பாக்கி என்றும், பின்பகுதியில் இது சாதகமான பாக்கி என்றும் எழுதிவைத்தார். எண்பது ஆண்டுப் பேரேடு ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது.

அதே புத்தகத்தில் ஸ்காட்லாந்து பதினேழு இடங்களோடு செய்த வியாபாரத்துக்கு அவரிடம் ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது. ஓராண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாதே! அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டையாகப் போட்டுக் காட்டினார். இது மற்றப் படங்களைவிடப் பயன் குறைந்தது என்று அவரே தாழ்த்திச் சொல்லியிருக்கிறார். இன்று உலகமெங்கும் பத்திரிகையிலும் டி.வி.யிலும் அதிகம் வருவது அந்தப் பட்டைப் படம்தான்.

இந்த மனிதர் சொந்த வியாபாரத்தில் என்ன சாதித்தார் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. லண்டனில் வெள்ளிச் சாமான் தொழில் தொடங்கி நட்டப்பட்டார். 1797இல் கூட்டாளிகளோடு ஒரு வங்கி ஆரம்பித்தார், அதுவும் சீக்கிரமே மூடப்பட்டுத் திவாலானார். நடத்தையிலும் அவரைப் பற்றி நல்ல பேச்சு மட்டுமே இருக்கவில்லை. 1823இல் வறுமையில் காலமானார். ஊரார் கணக்கை அவ்வளவு தெளிவாகப் பார்த்தவருக்குத் தம் கணக்கு பிடிபடவில்லை போலும். ஆனாலும் தராசு செய்தவன் ஏழையாக இருந்தான் என்பதற்காகத் தராசை யாரும் தூக்கி எறிவதில்லை.

இரண்டு கோடுகள் போதும்

நாம் மளிகை மொத்த வியாபாரத்தில் இறங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களில் ஒருவர்; பெயர் வேண்டாம், இந்த இதழை அவரும் படிப்பவர். மூன்று பில் பாக்கி நின்றுவிட்டது. சரக்கை நிறுத்திவிடலாம் என்று நமது கணக்குப்பிள்ளை சொன்னார். நிறுத்துவது எளிது, அந்தக் கடை படுத்துவிட்டால் நம் பாக்கியும் அதோடு படுத்துவிடும். பதினைந்து ஆண்டு வாடிக்கை வேறு. கூப்பிட்டு விசாரித்தோம்.

"யாவாரம் நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. மாசா மாசம் கூடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா கையில காசு நிக்க மாட்டேங்குது. எங்க போகுதுன்னே தெரியலை" என்றார்.

"நோட்டை எடுத்துக்கிட்டு வாங்க தம்பி, பாத்துருவோம்" என்று சொல்லி, பேத்தியின் கிராஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டோம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம். விற்பனை முறையே 4.20, 4.30, 4.60, 4.50, 4.80, 4.90 லட்சம். அவர் சொன்னது சரிதான், ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதே மாதங்களில் கைக்கு வந்த பணம் 4.10, 4.10, 4.20, 4.00, 4.10, 4.00 லட்சம். விற்பனையைச் சிவப்பு மையில் இழுத்தோம், வரவை நீல மையில். ஏப்ரலில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் புறப்படுகின்றன. ஜூன் வந்ததும் வாய் திறக்கத் தொடங்குகிறது. செப்டம்பரில் இடைவெளி 90 ஆயிரம்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜூன் மாதத்தில் விரலை வைத்து, "இங்கதான் அண்ணாச்சி. காலேஜ் திறந்தப்போ ரெண்டு மெஸ்ஸுக்கும் ஒரு ஹாஸ்டலுக்கும் மாசக் கணக்கு ஆரம்பிச்சேன்" என்றார். நாம் எதுவும் சொல்லவில்லை. தாள் சொல்லிவிட்டது.

ஆறு மாத இடைவெளியையும் கூட்டினால் 2 லட்சத்து 80 ஆயிரம். மொத்த விற்பனை 27 லட்சத்து 30 ஆயிரம். நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபம் நிற்கிறதென்று தாராளமாக வைத்தாலும் 2 லட்சத்து 18 ஆயிரம்தான் வருகிறது. ஆக, ஆறு மாத லாபம் முழுவதும் தெருவில் நிற்கிறது. அதோடு முதலிலிருந்தும் 62 ஆயிரம் போய் நிற்கிறது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் இன்னும் கழிக்கவில்லை. அவர் நோட்டில் இந்த எண்கள் எல்லாமே இருந்தன. விற்பனை ஒரு நோட்டில், பற்று வரவு இன்னொரு நோட்டில். இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது: ஒரு மெஸ்ஸை வாரக் கணக்குக்கு மாற்றினார். ஹாஸ்டல்காரர்கள் இரண்டு தவணையில் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு மெஸ் பூட்டிக்கொண்டு போய்விட்டது. அதிலுள்ள தொகை இன்றுவரை வரவில்லை. நம் மூன்று பில்லும் தை மாதத்துக்குள் தீர்ந்தன. கடை நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாளை அவர் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, மாதம் பிறந்தால் இரண்டு புள்ளி வைத்துவிடுகிறார்.

டென்மார்க் படத்தில் பிளேஃபேர் செய்ததும் இதுவேதான்.

படமும் பொய் சொல்லும்

படத்தைக் கண்டதும் நம்பிவிடுவதும் தவறு. நம் கடைக்கு ஒரு கம்பெனிப் பிரதிநிதி வந்தார். இளைஞர், நல்ல பையன், லேப்டாப்பைத் திறந்து பட்டைப் படம் காட்டினார். மூன்று ஆண்டு விற்பனை. முதல் பட்டை முழங்கால் உயரம், மூன்றாவது பட்டை இடுப்பு உயரம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஏஜென்சிக்கு டெபாசிட் கூட்ட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. பக்கவாட்டில் இருந்த எண்ணைப் பார்த்தோம். அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. 90 லட்சத்தில் தொடங்கியது. விற்பனை 96, 98, 101 லட்சம். மூன்று ஆண்டில் வளர்ச்சி நூற்றுக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். அடியிலிருந்து 90 லட்சத்தை வெட்டிவிட்டதால் 6, 8, 11 என்ற உயரத்தில் பட்டைகள் நின்றன. எண்கள் ஒன்றும் பொய்யில்லை. மூட்டையின் அடியை மறைத்துவிட்டு மேல்வாயை மட்டும் அவிழ்த்துக் காட்டுவது போன்ற வேலை இது. பட்டைப் படம் எவர் காட்டினாலும் முதலில் அடிக்கோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

இதில் பிளேஃபேரே தப்பவில்லை. 1821இல், விவசாயம் நொடித்திருந்த காலத்தில், அவர் இன்னொரு படம் போட்டார். 1565 முதல் 1821 வரை, இரண்டரை நூற்றாண்டு. ஒரு குவார்ட்டர் கோதுமையின் விலை பட்டைகளாக. நல்ல கைத்தொழிலாளியின் வாரக் கூலி அடியில் ஒரு கோடாக. மேலே ஒவ்வொரு ராஜா, ராணியின் ஆட்சிக் காலம். பார்க்க மிக அழகான படம். கூலியோடு ஒப்பிட்டால் கோதுமை முன்னெப்போதும் இவ்வளவு மலிவாக இருந்ததில்லை என்பதுதான் அவர் நிலைநாட்ட வந்தது. ஆனால் படத்தைப் பார்ப்பவர் கண்ணில் படுவது என்ன? கோதுமைப் பட்டைகள் 100 ஷில்லிங்கை எட்டப் பார்க்கின்றன. கூலிக் கோடு 30 ஷில்லிங்குக்கு மெல்ல ஊர்ந்து வருகிறது. பாவம் தொழிலாளி என்றுதான் தோன்றும். ஒரு குவார்ட்டர் கோதுமைக்கு எத்தனை வாரக் கூலி என்று வகுத்து, அந்த ஈவை மட்டும் ஒரே கோடாகப் போட்டிருந்தால் அவர் சொல்ல வந்தது நொடியில் விளங்கியிருக்கும்.

இந்த வகுத்தல் நமக்கு மிகவும் வேண்டியது. துவரம் பருப்பு விலை நூற்றுக்கு இருபது ஏறியிருக்கும் ஆண்டில் நம் பருப்பு விற்பனை ரூபாய்க் கணக்கில் நூற்றுக்குப் பத்து ஏறினால் கோடு மேலேதான் போகும். மூட்டைக் கணக்கில் பார்த்தால் 110ஐ 120ஆல் வகுக்க வேண்டும்; எட்டு சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறோம். வாடிக்கைக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டதை ரூபாய்க் கோடு மறைத்துவிடும். ஆகவே ரூபாய்க்கு ஒரு தாள், மூட்டைக்கு ஒரு தாள்.

வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டும் படத்தையும் முதலில் அச்சில் கொண்டுவந்தவர் பிளேஃபேர்தான், 1801இல். இப்போது எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் இந்த வட்டம் இல்லாமல் வருவதில்லை. நமக்கு இதில் அவ்வளவு ஈடுபாடில்லை. உளுந்துத் துண்டு பெரிதா, கடலைப் பருப்புத் துண்டு பெரிதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்தில் சதவீதத்தை எழுத வேண்டியிருக்கிறது. எழுதத்தான் வேண்டுமென்றால் வட்டம் எதற்கு? 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் ஆட்களை வைத்துச் சோதித்து, ஒரே அளவுகோலில் நிற்பவற்றை ஒப்பிடும்போது கண் பிழை குறைவாகச் செய்கிறது, கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடும்போது அதிகம் செய்கிறது என்று கண்டார்கள். பட்டை போதும்.

கோடு முடியும் இடம்

2015 அக்டோபரை நம் பருப்பு வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். துவரம் பருப்பு சில்லறையில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது. மத்திய அரசு இருப்புக் கட்டுப்பாட்டை இறுக்கியது. அந்த மாதம் வரைக்குமான விலையைத் தாளில் போட்டிருந்தால் செங்குத்தான மலை. கோடு முடிந்த இடத்தில் பேனா தானாகவே மேலே இழுக்கப் பார்க்கும்; கை அப்படித்தான் கேட்கும். ஆனால் விலை ஏறினால் விவசாயி சும்மா இருப்பாரா? 2016 ஆடியில் துவரை விதைப்பு பெருகிற்று. முந்தைய பருவத்தில் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் 2016-17 பருவத்தில் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. இறக்குமதியும் சேர்ந்துகொள்ள, 2017இல் சந்தை விலை அரசின் ஆதார விலைக்கும் கீழே போயிற்று. உச்சியில் சரக்கைப் பிடித்துப் பூட்டிவைத்தவர்கள் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. விலைக் கோட்டின் கீழேயே விதைப்புப் பரப்பையும் ஒரு பட்டையாகப் போட்டிருந்தால், மலைக்கு அடுத்தது பள்ளம் என்பதற்கான அறிகுறி ஆறு மாதம் முன்பே கண்ணில் பட்டிருக்கும். விலைக் கோடு நடந்ததைத்தான் சொல்லும். அடுத்தது என்ன என்பதற்கு வேறு கணக்குகளும் பக்கத்தில் வேண்டும்.

தீபாவளிக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் ரிப்போர்ட் இதில் ஆண்டுதோறும் ஏமாற்றுகிறது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் 2024இல் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது போலவும், நவம்பரில் படுத்துவிட்டது போலவும் படம் காட்டும். இரண்டும் வெறும் தோற்றம். தமிழ் மாதமாகப் போட்டாலும் தீராது; ஐப்பசி பிறந்த சில நாளிலேயே தீபாவளி வந்துவிட்டால் கொள்முதல் எல்லாம் புரட்டாசியில் போய்விழும். நாம் செய்வது இது: அடிக்கோட்டில் தேதி எழுதுவதில்லை. தீபாவளியை வலது ஓரத்தில் வைத்து, அதற்கு முன் முதல் நாள், இரண்டாம் நாள் என்று நாற்பது நாள் பின்னோக்கி எழுதுகிறோம். மூன்று ஆண்டுக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், மைதாவும் சர்க்கரையும் எத்தனை நாள் முன்னதாக நகரத் தொடங்குகின்றன, எந்த நாளுக்குமேல் எடுத்த சரக்கு தேங்குகிறது என்பது தெளிவாகத் தெரிகிறது. லாரிக்கு எப்போது சொல்வது என்பதை இப்போது இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பொங்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஜனவரி 14 அல்லது 15ஐ விட்டு நகர்வதில்லை.

பிளேஃபேருடைய புத்தகம் அச்சாகும் முன் ஜேம்ஸ் வாட் அவருக்கு ஓர் ஆலோசனை எழுதினார். படத்தோடு, அது எந்தக் கணக்கிலிருந்து வரையப்பட்டதோ அந்த அட்டவணையையும் சேர்த்து அச்சிடுங்கள். இல்லாவிட்டால் இது உங்கள் சொல்லை நம்பி நிற்பதாக ஆகும், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பார்கள் என்பது அதன் சாரம். எந்திரம் செய்தவர் சொன்ன இந்த வார்த்தை வியாபாரிக்கு அப்படியே பொருந்தும். கோடு போட்ட தாளின் பின்பக்கத்தில் எண்களையும், எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிவைத்தால் பங்காளிகளுக்குள் பேச்சு வராது.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். சங்கக் கட்டிடத்தின் பலகையில் வாரந்தோறும் சரக்கு விலையைச் சாக்பீஸில் எழுதி, அடுத்த வாரம் அழித்துவிடுகிறோம். அழிக்காமல், துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், புளி, சர்க்கரை ஆகிய ஐந்துக்கு மட்டும் ஆளுக்கொரு பெரிய கட்டத்தாள் ஒட்டி, சனிக்கிழமை தோறும் ஒரு புள்ளி வைக்கலாம். அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்கட்டும். புது வரத்து வரும் வாரத்தைக் கீழே குறித்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு சரக்குக்கு 52 புள்ளி. தாள் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது. புள்ளி வைக்க ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமை மாலை நாம் வந்துவிடுகிறோம்.